பிள்ளையின் கையில் போத்தலைக் கொடுப்பது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பாடசாலை போகும் பிள்ளை இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

பெற்றோர் கூட்டங்களில் உம்மாமார் சொல்லும் முறைப்பாடுகள் ஏறத்தாழ ஒன்றுதான். "படிக்க இருந்தா அஞ்சு நிமிஷம் தரிக்கிறான் இல்ல சேர்." "நேத்து பாடமாக்கினது இன்டைக்கு மறந்து போகுது." "சின்ன விசயத்துக்கும் கத்துறான்." காரணமாக போனைச் சொல்கிறோம், கூட்டாளிமாரைச் சொல்கிறோம், கண்ணூறையும் சொல்கிறோம். புத்தகப் பையின் பக்கத்தில் செருகியிருக்கும் சோடாப் போத்தலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒரு விசயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். "இனிப்புக் குடுத்தா பிள்ளை துள்ளும்" என்ற பேச்சு ஆய்வில் நிற்கவில்லை. 1995இல் 23 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், சீனி சாப்பிட்ட கையோடு பிள்ளைகளின் நடத்தை மாறுவதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். அதற்கு முந்திய வருடம் நடந்த இன்னொரு பரிசோதனை இன்னும் சுவாரசியமானது. பிள்ளைகளுக்குச் சீனி இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, சில தாய்மாரிடம் மட்டும் "சீனி கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார்தான் தங்கள் மகன் அதிகமாகத் துள்ளுகிறான் என்றார்கள். அதேபோல "சீனி கொக்கேயினைவிட மோசம்" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் நம்ப வேண்டாம். ஒரு பெருநாளைக்குக் குடித்த ஒரு சோடாவால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை.

பிரச்சினை நாளாந்தப் பழக்கத்தில் இருக்கிறது.

"மூளைக்கு குளுக்கோஸ் வேணும்தானே சேர்" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். உடல் நிறையில் 2 வீதமளவே இருக்கும் மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் 20 வீதமளவை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த குளுக்கோஸை சோறும் பருப்பும் கடலையும் மெதுவாக, மணிக்கணக்கில் கொடுக்கின்றன. சோடாவிலும் பக்கெட் ஜூஸிலும் இருக்கும் சீனி சில நிமிடங்களில் இரத்தத்துக்கு வந்துவிடும். மெல்லுவதற்கு ஒன்றும் இல்லாததால் வயிறு நிறைந்த உணர்வும் நிலைக்காது.

அப்படிக் குடித்தால் உசார் வருமா? 2019இல் 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவை சுகதேகிகளான வளர்ந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. உற்சாகம் கூடவில்லை. 30 நிமிடத்துக்குள் களைப்புக் கூடியது, ஒரு மணித்தியாலத்துக்குள் விழிப்புக் குறைந்தது. பிள்ளைகளும் இப்படித்தானா என்பதை இடைவேளை முடிந்து வரும் இரண்டாவது பாடத்தில் நின்று பார்க்கும் எந்த ஆசிரியரிடமும் கேளுங்கள்.

இரண்டாவது, ஆசை. இனிப்புப் பட்டதும் மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் சுரந்து, "இது நல்லது, திரும்ப எடு" என்று பதிய வைக்கிறது. பேரீச்சம்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் நடப்பது இதுதான். ஆனால் ஒரே நேரத்தில், அதே போத்தலில், அதே கடையில் தினமும் பெரிய அளவில் கிடைத்தால் மூளை அந்த நேரத்தை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. பிறகு வெறும் தண்ணீர் ருசிக்காது, கொய்யாப்பழம் இனிக்காது, கேட்டது கிடைக்காவிட்டால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலைத்தான் நாம் "புடிவாதம்" என்கிறோம்.

2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேரைப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவையோ அதற்கு மேலோ சோடா குடித்த பிள்ளைகள், மற்றவர்களின் பொருளை உடைப்பதிலும் சண்டை பிடிப்பதிலும் சோடா குடிக்காத பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் முன்னால் நின்றார்கள். சோடாதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வீட்டுச் சூழலைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு இருந்தது என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

மூன்றாவது, ஞாபகசக்தி. 2015இல் வந்த ஓர் ஆய்வில், இளம் எலிகளுக்கு ஒரு மாதமளவு, சோடாவில் உள்ள அதே செறிவில் சீனிப்பாகு கலந்த தண்ணீரைக் கொடுத்தார்கள். அவை வழியை ஞாபகம் வைப்பதில் பின்னடைந்தன. வளர்ந்த எலிகளுக்கு அப்படி நடக்கவில்லை. எலி வேறு, மனிதன் வேறு. ஆனாலும் வளரும் மூளை கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் பிரமிங்ஹாம் நகர ஆய்வில், சீனிப் பானங்களை அதிகமாகக் குடித்த வளர்ந்தவர்களின் மூளையின் அளவும் ஞாபகப் பரிசோதனைப் புள்ளியும் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைக்கும் புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கும் நாம் கேட்டு துஆச் செய்வது இந்த ஞாபகசக்தியைத்தானே?

நான்காவது, தூக்கம். டியூசன் வகுப்புக்குப் போகும் ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகள் கையில் இப்போது எனர்ஜி டிரிங்க். 250 மில்லிலீற்றர் கேனில் சீனியோடு 80 மில்லிகிராம் அளவு கஃபீனும் இருக்கும். வளர்ந்தவரின் உடலில்கூட அதன் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். அஸர் தொழுதுவிட்டுக் குடித்தால் படுக்கப்போகும்போதும் பாதி உள்ளே இருக்கும். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது இரவுத் தூக்கத்தில். தூக்கத்தை விற்று உசாரை வாங்கும் வியாபாரம் இது, நட்டம் பரீட்சையில்தான் தெரியும்.

இனி லேபிளைப் பாருங்கள். 2016இல் இலங்கையில் வந்த விதிப்படி, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. மஞ்சள் என்றதும் பரவாயில்லை என்று நினைக்கிறோம். 100 மில்லிலீற்றரில் 9 கிராம் உள்ள மஞ்சள் பானத்தில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 36 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டிச் சீனி. வளர்ந்த ஒருவர் முழு நாளைக்கும் ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேத்தண்ணியில் போடும் சீனி இதற்கு வெளியே இல்லை, அதுவும் சேர்த்துத்தான்.

இப்போது தலைப்புக்கு வருவோம். போத்தலைக் கொடுப்பது யார்? நாம்தான். வீட்டுக்கு ஆள் வந்தால் சோடா. வலீமாவில் சோடா. இஃப்தாரில் சிவப்புச் சர்பத். கிறாஅத் போட்டியில் வென்ற பிள்ளைக்குப் பரிசுப் பொதியோடு பக்கெட் ஜூஸ். நன்றாகப் படித்தால் "சோடா வாங்கித் தாறன்". சந்தோசம் என்றால் இனிப்புப் பானம் என்று பிள்ளையின் மூளைக்குப் படிப்பித்தது கடைக்காரர் அல்ல.

இன்னும் ஒன்று மனதை அரிக்கிறது. காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடைவேளையில் ஒரு பனிசும் ஒரு சோடாவும்தான் அவர்களின் முதல் உணவு. அது ஆசை அல்ல, பசி. அந்தப் பிள்ளையிடம் "சோடா குடிக்காதே" என்று மட்டும் சொல்வது நீதியில்லை.

அதனால் எனது வேண்டுகோள்கள் இவை:

1. வீட்டில் ஒரேயடியாகத் தடுக்க வேண்டாம். தினமும் என்பதை வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். தேத்தண்ணியில் மூன்று கரண்டி என்றால் இரண்டாக்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். போத்தலில் தண்ணீர் அனுப்புங்கள்.

2. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையை மட்டும் திருத்தினால் போதாது. கேட்டுக்கு முன்னாலுள்ள கடைக்காரரும் நம்மவர்தான். பெற்றோர் குழு அவரோடு பேசட்டும். கடலை, வாழைப்பழம், இளநீர் விற்றாலும் வியாபாரம் நடக்கும்.

3. பள்ளிவாசல், மத்ரஸா நிகழ்ச்சிகளில் பிள்ளைகளுக்குச் சீனிப் பானம் வேண்டாம் என்று நிர்வாகிகள் ஒரு முடிவெடுங்கள்.

4. றமழான் முழுதும் நூற்றுக்கணக்கானோருக்குக் கஞ்சி காய்ச்சும் கிடாரம் மற்ற பதினொரு மாதமும் சும்மா கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அதில் காலைக் கஞ்சி காய்ச்சி, சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க நம்மால் முடியாதா? தனவந்தர்கள் யோசியுங்கள்.

உண்பதிலும் குடிப்பதிலும் அளவைப் போதித்த மார்க்கம் நம்முடையது. பிள்ளைகள் அமானிதம் என்று மேடையில் சொல்கிறோம். அந்த அமானிதத்தில் பிள்ளையின் மூளையும் அடக்கம்.

உங்கள் ஊரில், உங்கள் பாடசாலையில் இதை எப்படிச் செய்யலாம் என்று கீழே எழுதுங்கள். கஞ்சி விசயத்தில் கைகொடுக்க விரும்புபவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும் நல்ல ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.