கத்தி படாத சவப்பரிசோதனை

பெக்கோக் போன்ற சிற்றூரில் ஒருவர் திடீரென இறந்துவிட்டால், துக்கத்தோடு மற்றொரு கலக்கமும் வீட்டுக்குள் நுழைந்துவிடும். “உடலை அறுப்பார்களா?” என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருப்பார். மரணத்தில் ஐயம் எழுந்து காவல் துறை சவப்பரிசோதனைக்கு உத்தரவிட்டால், குடும்பத்தினர் மறுக்க இயலாது. இறப்பின் காரணம் சட்டத்துக்குத் தெரிய வேண்டும். உடல் சிதையாமல் விரைவில் ஈமச்சடங்கு நடக்க வேண்டும் என்பதோ குடும்பத்தின் தவிப்பு.

இவ்விரண்டுக்கும் ஓரளவு இடம் தருவது இலக்கவியல் சவப்பரிசோதனை. இதன் அடிப்படை சி.டி. ஸ்கேன். காட்ஃபிரி ஹவுன்ஸ்பீல்டு உருவாக்கிய இக்கருவி, 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அப்படத்தில் நீளவாக்கில் 80, அகலவாக்கில் 80 புள்ளிகளே இருந்தன. இன்றைய கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். ஆயினும், 1979இல் ஆலன் கோர்மாக்குடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இக்கருவி ஊடுகதிர்களைச் செலுத்தி உடலை மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கிறது. வெட்டிய ரொட்டித் துண்டுகளை வரிசையாக அடுக்கினால் முழு ரொட்டி உருவாவதுபோல, கணினி அப்படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவமாக்குகிறது. மருத்துவர் திரையிலேயே தோலை நீக்குகிறார், தசையை நீக்குகிறார், எலும்பு முறிவையும் மூளையில் கசிந்த இரத்தத்தையும் எல்லாக் கோணங்களிலும் திருப்பிப் பார்க்கிறார். உடலில் ஒரு கீறல்கூட விழுவதில்லை. பதிவு சேமிக்கப்படுவதால், தகனம் முடிந்த பின்னரும் வேறொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

இத்துறையில் மலேசியருக்கும் பங்குண்டு. மாட் சந்திரன் தொடங்கிய ஐஜீன் என்னும் மலேசிய நிறுவனம், 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இதற்கென ஒரு நிலையத்தைத் திறந்தது. அங்கே இம்முறையை விரும்பிய குடும்பம் ஏறத்தாழ 500 பவுண்டு செலுத்த வேண்டியிருந்தது. கத்தியால் செய்யும் பரிசோதனைக்கோ கட்டணமில்லை. இந்த ஏற்பாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பணமுள்ளவரின் உடல் முழுமையாகவும், செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் உடல் தையலோடும் வீடு திரும்புவது எந்த வகையில் நியாயம்?

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் உண்மை. உடலில் கலந்த நஞ்சைக் கண்டறிய இரத்த மாதிரி வேண்டும். சில இதயக்குழாய் அடைப்புகளும் அதற்குத் தப்பிவிடும். ஆகவே, கத்தியை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. முதலில் ஸ்கேன் செய்யட்டும். காரணம் புலப்படாதபோது மட்டும் கத்தியை எடுக்கட்டும். அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். கோலாலம்பூர்வரை உடலைக் கொண்டு செல்லாமல், சிகாமட் போன்ற மாவட்ட மருத்துவமனையிலேயே பெக்கோக் மக்களுக்கு இவ்வசதி கிடைக்க வேண்டும்.