யுவ விஞ்ஞானிகளின் வழிச்செலவு

2025-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு ஜப்பானைச் சேர்ந்த ஸுஸுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவிலுள்ள ரிச்சர்ட் ராப்ஸன், அமெரிக்காவிலுள்ள ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட செய்தியை நேயர்கள் அறிவார்கள். உலோக அணுக்களை முடிச்சுகளாகவும் கரிமச் சேர்மங்களைச் சட்டங்களாகவும் அமைத்து, உள்ளே கணக்கற்ற வெற்றறைகள் கொண்ட பளிங்குகளைக் கட்டும் வித்தையை உலகுக்களித்தவர்கள் இவர்கள். இப்படிக் கட்டிய வஸ்து ஒன்றில் சில கிராம் எடையுள்ள தூளுக்குள் ஒரு பந்தாட்ட மைதானத்தின் பரப்பு மடிந்து கிடக்கிறது. அந்த அறைகளில் வாயுக்களைச் சேமித்து வைக்கலாம். விஷப் பொருள்களைப் பிடித்து நிறுத்தலாம். பாலைவனத்துக் காற்றிலுள்ள ஈரத்தை இரவில் இவ்விதமான பொருளில் ஏற்றிப் பகலில் நீராக வடித்துக் காட்டியிருக்கிறார்கள் யாகியின் குழுவினர்.

நுண்துளையின் மகிமை நமக்குப் புதிதன்று. மண்பானையில் நீர் குளிர்வதும், கரியும் மணலும் இட்ட வடிகலத்தில் கலங்கல் தெளிவதும் அதனால்தான். பாட்டன் காலத்துப் பானையின் தத்துவத்தை அணுவளவில் கணக்கிட்டு ஆள்வதே இன்றைய சாஸ்திரம். அதனால் நமக்கு ஆகவேண்டிய காரியம் என்னவென்று கேட்போர், 2019-ஆம் வருஷத்துக் கோடையை நினைத்துப் பார்க்கட்டும். ஏரிகள் வறண்டு, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் குடங்கள் லாரிக்காகத் தவம் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்து சேர்ந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு ஜனங்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்திருக்கிறது. நீரைச் சுத்தி செய்யும் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ் நாட்டிற்கு அலங்காரமா, ஜீவாதாரமா என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இத்துறையில் உழைக்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கிண்டியிலும் அடையாற்றிலுமுள்ள பெரிய ஆராய்ச்சி ஸ்தாபனங்களில் மட்டுமின்றி, சர்க்கார் கலாசாலைகளின் சிறிய ரசாயன சாலைகளிலும் இருக்கிறார்கள். ஆனால் இச்சாஸ்திரத்தின் பெரியோர்கள் ஒன்றுகூடும் சர்வதேச மகாநாடோ 2018-இல் ஆக்லாந்திலும், 2022-இல் டிரெஸ்டனிலும், 2024-இல் சிங்கப்பூரிலும் கூடியது. அங்கே போய்த் தம் வேலையை எடுத்துச் சொல்ல நம் இளைஞனுக்கு வழி உண்டா? இதுவே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

மத்திய சர்க்காரின் இளநிலை ஆராய்ச்சி உதவிச் சம்பளம் 2023-ஆம் வருஷம் ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இதில் வீட்டு வாடகை போக வேண்டும். ஊரிலுள்ள பெற்றோருக்கும் ஏதேனும் அனுப்ப வேண்டும். ஐரோப்பாவுக்கு விமானச் சீட்டு, மகாநாட்டுக் கட்டணம், விசாக் கட்டணம், தங்குமிடம் என்று கூட்டிப் பார்த்தால் பல மாதச் சம்பளம் ஒரு வாரத்தில் கரைந்துபோகும். பெரிய ஸ்தாபனத்தைச் சேர்ந்தவனுக்கு ஏதாவதொரு நிதி கை கொடுக்கும். சர்க்கார் கலாசாலை மாணவனுக்கும், ஒப்பந்தச் சம்பளத்தில் போதிக்கும் யுவ ஆசிரியைக்கும் யார் கொடுப்பார்கள்? உதவித் திட்டங்கள் இல்லாமலில்லை. எனினும் அவற்றில் பல, பிரயாணம் முடிந்தபின் ரசீதுகளைக் காட்டிப் பணம் பெற்றுக்கொள்ளச் சொல்கின்றன. முன்பணம் போட வகையுள்ளவனுக்கே அந்த உதவி எட்டும். வகையற்றவன் அழைப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான்.

“கட்டுரைகளை அச்சில் படித்துக்கொள்ளலாம், திரையிலே பிரசங்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம், இதற்காகக் கடல் கடப்பானேன்?” என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதத்திற்கு நமது நகரத்தின் சரித்திரமே பதில் சொல்லும்.

1928-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய மேதை ஸம்மர்பெல்டு சென்னைக்கு வந்தார். அப்போது ராஜதானிக் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த மயிலாப்பூர் இளைஞர் எஸ். சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே சென்று அவரைக் கண்டார். தாம் ஊன்றிப் படித்திருந்த புத்தகத்தின் பௌதிகம் பழையதாகிவிட்டது என்பதை அந்நூலாசிரியர் வாயாலேயே கேட்டார். அச்சேறாத புதிய கட்டுரையொன்றின் பிரதியும் கையில் கிடைத்தது. சில மாதங்களில் தம் முதல் ஆராய்ச்சியை எழுதினார். 1930-இல் சர்க்கார் உதவிச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை, பிரயாணத்தின்போதே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய கணக்கைத் தொடங்கினார். 1983-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

1952-இல் பேராசிரியர் பெர்னால் சென்னைக்கு வந்தபோது, தோலிலும் தசைநாரிலுமுள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் துலங்கவில்லை என்று ஜி. என். ராமச்சந்திரனிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதிரி கிடைத்தது. 1954-இல், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை நம் சர்வகலாசாலையிலிருந்தே அவரும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு அறிவித்தனர். ஸர் சி. வி. ராமன் 1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த சர்வகலாசாலைகளின் மகாநாட்டிற்குச் சென்று திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு எழுப்பிய கேள்வி, 1928-இல் ராமன் விளைவாக முடிந்தது. ஒருவரையொருவர் நேரில் காண்பதாலும், கண்ணாற் புதிதாக ஒன்றைக் காண்பதாலும் விளைந்தவை இவை. அச்சிலே வருவது முடிந்துபோன காரியம். எது முடியவில்லை, எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் அருகிலிருந்து பேசும்போதே வெளிவரும்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. “வெளிநாட்டைப் பார்த்தவன் அங்கேயே தங்கிவிடுவான், நம் பணம் பிறருக்குப் பயன்படும்” என்பது அது. சந்திரசேகர் அங்கேயே தங்கினார் என்பது உண்மை. ராமன் திரும்பி வந்தார் என்பதும் உண்மை. மகாநாட்டுக்குச் செல்பவன் ஒரு வாரத்தில் திரும்புகிறவன். இங்கிருந்தபடியே உலகத்தோடு பேச முடியும் என்ற நம்பிக்கை உள்ளவன் இங்கே வேரூன்றுவான். அந்நம்பிக்கையை இழந்தவனே நிரந்தரமாகக் கப்பலேறுகிறான். வழிச்செலவை மறுப்பவர்கள் தாங்கள் அஞ்சும் காரியத்தையே வளர்க்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இதில் சர்க்காரை மட்டும் நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருப்பது போதாது. 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட அநுஸந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனத்திற்கு ஐந்து வருஷங்களில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டவர்களே, அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்தும் பிற வழிகளிலிருந்தும் வரவேண்டுமென்று எதிர்பார்த்தார்கள். தனவான்கள் நிறைந்த நம் நகரம் தன் பங்கைச் செய்யலாகாதா? மார்கழியில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்கள் பிற்பகல் வேளைகளை இளம் வித்வான்களுக்கு ஒதுக்குகின்றன. மேடை ஏறாமல் வித்தை பழுக்காது என்பதை ரஸிகர்கள் உணர்ந்திருப்பதே அதற்குக் காரணம். சங்கீதத்திற்கு நாம் ஒப்புக்கொண்ட நியாயம் ஸயன்ஸுக்கு மட்டும் பொருந்தாமற் போகுமா? 1914-இல் வருஷம் 250 பவுன் உதவிச் சம்பளமும் கப்பற் செலவும் கொடுத்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது நம் சென்னைச் சர்வகலாசாலைதான். அந்நிய ஆட்சியின் கீழ் செய்ய முடிந்ததை, சுயராஜ்யத்தில் செய்ய முடியாதென்று யார் சொல்லத் துணிவார்?

ஆகவே, சென்னையில் யுவ விஞ்ஞானிகள் பிரயாண நிதி ஒன்று ஸ்தாபிக்கப்பட வேண்டும். ஒருவருக்கு இரண்டு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், வருஷத்திற்கு ஒரு கோடியில் ஐம்பது பேரை அனுப்பலாம். தியாகராய நகரின் கடைவீதிக்கு இத்தொகை மலையன்று. சில நிபந்தனைகள் மட்டும் அவசியம். பணம் புறப்படுமுன் கையிற் சேர வேண்டும். கணக்குப் பிறகு கேட்கப்படட்டும். தேர்ந்தெடுப்பவர்கள் அத்துறை அறிந்தவர்களாயிருக்க வேண்டும். சிபார்சுக் கடிதங்களுக்கு அங்கே இடமிருக்கலாகாது. பாதி இடங்களாவது சர்க்கார் கலாசாலைகளுக்கும் ஜில்லாக் கலாசாலைகளுக்கும் உரியவையாகட்டும். முதன்முறையாகக் கடல் கடப்பவர்களுக்கும், வீட்டார் தயக்கத்தையும் பணமுடையையும் ஒருங்கே சுமக்கும் பெண் ஆராய்ச்சியாளர்களுக்கும் முதலிடம் கிடைக்கட்டும். போய் வந்தவர் ஒவ்வொருவரும் தாம் கேட்டதையும் கற்றதையும் பொதுக்கூட்டத்தில் தமிழிலே எடுத்துரைக்க வேண்டும். ஏதேனும் ஒரு ஜில்லாக் கலாசாலைக்குச் சென்று மாணவர்களோடு ஒருநாள் தங்க வேண்டும். கொடுத்த ஜனங்களுக்கு அதுவே தக்க ரசீது.

இவற்றோடு, அத்தகைய மகாநாடுகளை நம் நகருக்கே அழைக்கவும் முயல வேண்டும். ஸம்மர்பெல்டும் பெர்னாலும் வந்ததால் விளைந்ததைப் பார்த்தோம். உலகத்துப் பெரியோர் பலர் ஒருசேர அடையாற்றில் வந்திறங்கினால், விமானச் சீட்டு வாங்க முடியாத நூறு மாணவர்கள் நகரப் பஸ்ஸில் வந்து அவர்களைக் காண்பார்கள்.

ஓமர் யாகி அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், ஒரே அறையில் பலர் நெருங்கி வாழ்ந்த வீட்டில் வளர்ந்தவர். பதினைந்தாம் வயதில் அமெரிக்கா சென்றவர். அறிவு எந்த வீட்டில் பிறக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததாலேயே, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வாசல் திறந்திருக்கும்படி செய்வது தேசத்தின் கடமையாகிறது. தேசாபிமானிகள் இதைத் தங்கள் சபைகளில் பேசட்டும். தனவான்கள் பையை அவிழ்க்கட்டும். சர்க்கார் விதிகளைத் திருத்தட்டும். அடுத்த மகாநாட்டின் அழைப்புக் கடிதம் நம் இளைஞன் ஒருவனுக்கு வரும்போது, அது பெட்டிக்குள் பூட்டப்படாமல் அவனோடு பிரயாணம் செய்ய வேண்டும்.