காப்பு கையிலேயே இருக்கட்டும்

மன்னார் மாணாக்கர் ஒருவர் வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தார். அதனை வெட்டித் தொகுக்க மென்பொருள் வாங்கவெனத் தாயாரின் காப்பு அடகு கடைக்குப் போகவிருந்தது. எம்மிடம் யோசனை கேட்டார். "காப்பு கையிலேயே இருக்கட்டும், தம்பி" என்றோம்.

ஷொட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷொட் மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. முடித்த படத்தின்மீது தம் முத்திரையைப் பொறிப்பதுமில்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால், வெட்டும் வேலைக்கு இணையம் வேண்டியதில்லை. டாவின்சி ரிசொல்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. நிறந்திருத்துவதில் அது வல்லது. ஆயின் அதற்கு 16 ஜிபி நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் வேண்டும். வீட்டுக் கணினி 8 ஜிபி உடையதாயின் ஷொட்கட்டே தக்கது. அதுவும் திணறினால், 'புரொக்சி' என்னும் சிறுபிரதியை வைத்து வெட்டலாம்; இறுதியில் மூலப்படத்தின் தெளிவே கிட்டும்.

திருட்டுப் பிரதியை மட்டும் தொடவேண்டாம்; அதனோடு நச்சுநிரலும் வீடு புகக்கூடும்.

அன்பர்களே, முதற் பயிற்சியாக ஐந்து நிமிடப் படத்தை ஒரு நிமிடமாகக் குறுக்கிப் பாருங்கள். எதை விடுவது என்றறியும் கண்ணை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

தம்பியின் பூநாரைகள் இப்போது ஒரே நிமிடத்தில் சிறகு விரித்து எழுகின்றன. முதலிற் பார்த்தவர் தாயார். கையிற் காப்பு இருந்தது.