கத்திக்கு அனுமதி, முத்தத்துக்குத் தடை

2025 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் ‘கூலி’ வந்தபோது, பிள்ளைகளோடு அரங்குக்குப் போக நினைத்த குடும்பங்களுக்கு ஓர் அதிர்ச்சி. தணிக்கை வாரியம் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் தந்திருந்தது. குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் ரஜினி படம் என்றால் தாத்தா முதல் பேரன் வரை கிளம்பிவிடுவது வழக்கம். 18 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை என்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. ‘ஏ’ வந்ததற்குக் காரணம் வன்முறை.

தயாரிப்பாளரான சன் பிக்சர்ஸ் ‘யு/ஏ’ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘கேஜிஎஃப்’, ‘பீஸ்ட்’ படங்களில் இல்லாத வன்முறையா இதில் இருக்கிறது என்று வாதிட்டது. மனு தள்ளுபடியானது. சரியான முடிவுதான். ஆனால் அந்த வாதம் ஊரறிந்த உண்மை ஒன்றைத் தொட்டுவிட்டது. 2023-இல் வந்த ‘ஜெயிலர்’ படத்தில் தலையை வெட்டும் காட்சி உண்டு, அதற்கு ‘யு/ஏ’. அந்தச் சான்றிதழ் முடிவைப் பெற்றோரிடம் விட்டுவிடும், வாசலில் யாரையும் தடுக்காது. பிரிட்டனில் ‘15’ என்று முத்திரை விழுந்த படத்துக்கு, அப்பா அம்மா கூடவே வந்தாலும் 14 வயதுப் பையனை உள்ளே விடமாட்டார்கள்.

‘கூலி’க்கு ஒரு மாதம் முன்பு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இன்னொரு படத்தின் டீசரை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. வர்ஷா பரத் இயக்கிய ‘பேட் கேர்ள்’. அந்த டீசரில் அரிவாள் இல்லை. ஒரு பள்ளி மாணவியின் காதலும் ஆசையும் இருந்தன. சிறார்களை ஆபாசமாகக் காட்டுகிறது என்பது புகார். சிறார்களைக் காக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. நாயகி பிராமணக் குடும்பத்துப் பெண் என்பதால் எழுந்த கோபமும் எதிர்ப்பில் கலந்திருந்தது. ரோட்டர்டாம் விழாவில் விருது வாங்கிய அந்தப் படம் செப்டம்பரில் ‘யு/ஏ 16+’ சான்றிதழோடு திரைக்கு வந்தது. வெட்டுக்குத்துக் காட்சிக்காக இப்படி ஒரு டீசர் நீக்கப்படுமா?

வீட்டுக் கூடத்திலும் இதே கதைதான். திரையில் முத்தம் வந்தால் ரிமோட் தேடப்படுகிறது. கழுத்தறுபடும்போது யாரும் அசைவதில்லை. ‘ரத்தமெல்லாம் நடிப்பு என்று பிள்ளைக்குத் தெரியும்’ என்பார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது நடிப்பு என்பதைவிட, வெட்டியவனுக்கு அரங்கமே விசிலடித்தது என்பதுதான் மனத்தில் பதியும். தாம்பரத்துப் பிள்ளைகள் காஞ்சிபுரம் போனால், வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் சிற்றின்பச் சிற்பங்களையும் பார்ப்பார்கள். அதனால் ஒரு பிள்ளை கெட்டது என்று எவரும் சொன்னதில்லை.

உடலையும் பாலியலையும் பற்றிய பேச்சை மறைப்பதற்கு விலை உண்டு. அதைக் குழந்தைகள்தான் கொடுக்கிறார்கள். 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சீண்டியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். 2012-இல், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. சட்டம் இருந்தும், நடந்ததைச் சொல்லக் குழந்தையிடம் வார்த்தை வேண்டுமே. உடம்பைப் பற்றிய பேச்சே அசிங்கம் என்று வளர்க்கப்பட்ட சிறுமி எந்த வார்த்தையால் அம்மாவிடம் சொல்வாள்?

2023 சட்டத் திருத்தத்தால் ‘யு/ஏ’ இப்போது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்க்கிற பழக்கம் பெற்றோருக்கு வர வேண்டும். ரத்தத்துக்காகப் போடப்பட்ட 16-ஐயும் அவர்கள் மதிக்க வேண்டும். பல்லாவரம் முதல் வண்டலூர் வரை அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோரே பெரும்பான்மை. உடல் உறுப்புகளின் பெயர்களையும், தப்பான தொடுதலையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எந்த வகுப்பில், யார் சொல்லித்தருவது என்பதை அடுத்த கூட்டத்திலேயே அவர்கள் கேட்கலாம்.