சேலத்தில் அலிபாபா குகை எழும்புமா?

சென்னை அருகே 2025-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெயர், வண்டர்லா. இடம், கேளம்பாக்கம் பக்கம் உள்ள இள்ளலூர். நிலம் 64 ஏக்கர். செலவு 611 கோடி ரூபாய். ராட்டினங்களும் நீர் விளையாட்டுகளுமாக 40-க்கு மேல் இருக்கின்றன.

இப்படி ஒன்று திறந்ததுமே அடுத்த கேள்வி பிறந்துவிடும். அடுத்த பூங்கா எங்கே? சேலத்துக்கு வருமா? நாமக்கல்லுக்கு வருமா? வந்தால் உள்ளே என்னென்ன இருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே உலகம் எங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. சினிமா ரசிகர்கள் அடுத்த படத்தின் கதையை யூகிப்பது போல, பூங்கா ரசிகர்கள் அடுத்த பகுதியை யூகிக்கிறார்கள். "கடல் கொள்ளையர் தீவு வரும்" என்கிறார் ஒருவர். "இல்லை, விண்வெளி நகரம்தான் வரும்" என்கிறார் மற்றொருவர்.

யூகிப்பதற்குக் காசு வேண்டாம். ஆனால் யூகத்திலும் நல்ல யூகம் உண்டு, வெறும் யூகம் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்த அதிசயம்

இதற்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவில் இருக்கிறது. அதுதான் டிஸ்னிலேண்ட். கலிபோர்னியா மாநிலத்தில் அனாஹைம் என்ற ஊர். அங்கே ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த 160 ஏக்கர் நிலத்தை வால்ட் டிஸ்னி வாங்கினார். 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பூங்கா திறக்கப்பட்டது. செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்.

அதற்கு முன்பும் ராட்டினங்கள் இருந்தன. டிஸ்னி செய்த புதுமை என்ன? ராட்டினங்களைக் கதைகளாகப் பிரித்தார். சாகச நாடு, கற்பனை நாடு, நாளைய நாடு என்று பகுதி பகுதியாக அமைத்தார். ஒரு பகுதிக்குள் நுழைந்தால் கட்டடம், உடை, இசை எல்லாம் அந்தக் கதைக்கு ஏற்றபடி இருக்கும்.

இவற்றில் நாளைய நாட்டின் கதி வேடிக்கையானது. 1986-ம் ஆண்டில் உலகம் எப்படி இருக்கும் என்று 1955-ல் யூகித்துக் கட்டினார்கள். சந்திரனுக்கு ராக்கெட்டில் போவது போன்ற காட்சி அங்கே இருந்தது. 1969-ல் மனிதன் உண்மையிலேயே சந்திரனில் இறங்கிவிட்டான். காட்சிக்கு மவுசு குறைந்தது. 1975-ல் அதைச் செவ்வாய் கிரகப் பயணமாக மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் கற்பனை நாட்டில் பீட்டர் பான் என்ற சிறுவனின் கதை இருக்கிறது. பறக்கும் கப்பலில் ஏறி, இருட்டுக்குள் அந்தக் கதையைப் பார்த்துக்கொண்டே போகலாம். அது 1955-ல் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. இன்றும் அங்கே நீண்ட வரிசை!

எதிர்காலம் பழசாகிவிட்டது. பழங்கதை பழசாகவில்லை. நல்ல யூகத்துக்கு இது முதல் பாடம். "என்ன இயந்திரம் வரும்?" என்று கேட்பதற்கு முன், "என்ன கதை வரும்?" என்று கேட்க வேண்டும்.

சினிமாக்காரர்கள் கட்டியவை

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. வால்ட் டிஸ்னி ஒரு சினிமாக்காரர். தாம்பரம் அருகே 1995-ல் கிஷ்கிந்தா பூங்காவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சனும் சினிமாக்காரர். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான "மை டியர் குட்டிச்சாத்தான்" அவர் எடுத்தது. ஐதராபாத் அருகே 1996-ல் பிரம்மாண்டமான பிலிம் சிட்டியை அமைத்த ராமோஜி ராவும் படத் தயாரிப்பாளரே.

இது ஏன்? சினிமாவுக்குப் போடும் செட்டும் பூங்காவின் ஒரு பகுதியும் ஏறத்தாழ ஒன்றுதான். செட்டைக் கேமரா சுற்றி வரும். பூங்காவை மனிதன் சுற்றி வருவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் சேலத்துக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு.

ஏற்காடு சாலையில் ஒரு வளைவு

திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர். ஆனால் தறியை விட அவரை வெள்ளித்திரை அதிகம் இழுத்தது. 1930-களின் நடுவில் சேலம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

அங்கே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938-ல் இங்கிருந்துதான் வந்தது. 1956-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த "அலிபாபாவும் 40 திருடர்களும்" வெளிவந்தது. தமிழில் முதல் முழு நீள வண்ணப் படம் அதுவே. நாடே அதைப் பார்த்து வியந்தது.

சுந்தரம் 1963-ல் காலமானார். ஸ்டூடியோ பிறகு சுமார் இருபது ஆண்டுகள் நடந்து, நின்றுபோயிற்று. இன்று அந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. மிஞ்சியிருப்பது நுழைவு வளைவு ஒன்றுதான். ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அதைப் பார்க்கலாம். விவரம் தெரிந்த பெரியவர்கள் பேரப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

ஸ்டூடியோ பூங்காவாக மாற முடியாதா? அமெரிக்காவில் யூனிவர்சல் கம்பெனி அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1964-ல் தன் ஸ்டூடியோவையே சுற்றிக் காட்டத் தொடங்கியது. அதுவே வளர்ந்து பெரிய பூங்காவாயிற்று. சேலத்தில் அந்த வாய்ப்பு கைநழுவிப் போய்விட்டது.

என்னென்ன வரலாம்?

இந்தப் பாடங்களை வைத்துக்கொண்டு யூகித்துப் பார்க்கலாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு பூங்கா வந்தால் எந்தெந்தப் பகுதிகள் பொருந்தும்?

அலிபாபா குகை: அலிபாபா அரபுக் கதை. உலகத்துக்கே பொதுவான கதை. ஆனால் தமிழனுக்கு அதை வண்ணத்தில் காட்டியது சேலம். வண்டியில் உட்கார்ந்து இருட்டுக் குகைக்குள் போவது போன்ற விளையாட்டு இதற்கு ஏற்றது. மந்திரச் சொல்லைக் குழந்தைகளே கூவினால் கதவு திறக்க வேண்டும். கூவாத குழந்தை உண்டா?

கொல்லிமலை: மலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ராட்டினம் இல்லாமலே தலை சுற்றும்! இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. செம்மேட்டில் ஆண்டுதோறும் ஆடி மாதம் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். வளைந்து பாயும் ரயிலுக்கும், குறி பார்த்து எய்யும் விளையாட்டுக்கும் இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

மேட்டூர்: 1934-ல் அணை கட்டி முடிந்தபோது பல கிராமங்கள் நீருக்குள் போயின. நீர் வற்றும் காலங்களில் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரியும். மூழ்கிய ஊருக்குள் படகில் போய் வருவது போன்ற காட்சி பிள்ளைகளை மலைக்க வைக்கும். பெரியவர்களைச் சற்று மௌனமாக்கவும் செய்யும்.

நாமக்கல் லாரி: லாரிக்குக் கூடு கட்டும் தொழிலில் நாமக்கல் நாடறிந்த ஊர். டிஸ்னிலேண்டில் குழந்தைகள் தாமே குட்டிக் கார் ஓட்டும் சாலை 1955 முதல் இருக்கிறது. இங்கே குட்டி லாரி ஓட்டட்டுமே!

இவை எல்லாம் யூகங்கள்தான். ஆனால் காற்றில் கட்டிய கோட்டைகள் அல்ல. ஊரின் மண்ணில் ஊன்றியவை. வண்டர்லாவில் "தஞ்சோரா" என்று ஒரு ரயில் ஓடுகிறது. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், கால்கள் அந்தரத்தில் தொங்கும். அதைச் செய்தது சுவிட்சர்லாந்துக் கம்பெனி. பெயரில் மட்டும் தஞ்சாவூர் வாடை! பணம் இருந்தால் இயந்திரத்தை யாரும் வாங்கலாம். பெயரும் கதையும் ஊரில் இருந்துதான் வர வேண்டும்.

தண்ணீரும் டிக்கெட்டும்

கதை மட்டும் போதாது. வேறு கேள்விகளும் இருக்கின்றன.

முதலாவது, தண்ணீர். ஏப்ரல், மே மாத வெயிலில் நீர் விளையாட்டு இல்லாமல் இங்கே ஒரு பூங்கா நடக்காது. ஆனால் வெயில் காலத்தில்தான் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. மேட்டூர் நீரை எதிர்பார்த்து டெல்டா விவசாயிகள் ஜூன் 12-ந் தேதியை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரே தண்ணீரைச் சுத்தப்படுத்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத பூங்காவை ஊர் வரவேற்காது.

இரண்டாவது, பத்திரம். 2025-ம் ஆண்டு மே மாதம் சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட்டது. 30 பேருக்கு மேல் சிக்கித் தவித்தார்கள். தீயணைப்புப் படையினர் வந்துதான் இறக்கினார்கள். ராட்டினம் பயத்தைக் காட்டலாம். ஆபத்தைக் காட்டக் கூடாது.

மூன்றாவது, டிக்கெட். பெரிய பூங்காக்களில் ஒருவருக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று போகிறது. ஆளுக்கு 1,500 என்றால் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 6,000 ரூபாய். கொலுசுப் பட்டறையிலும், விசைத்தறியிலும், கோழிப் பண்ணையிலும் வேலை செய்யும் குடும்பம் அதற்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும்?

இதற்கும் வழி இருக்கிறது. 1955-ல் டிஸ்னிலேண்டில் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர்தான். ராட்டினங்களுக்குத் தனித் தனி டிக்கெட். ஆடித் திருவிழாக் காலத்தில் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. ராட்சத ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட், கொலம்பஸ் கப்பலுக்கு ஒரு டிக்கெட். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து டெல்லி அப்பளம் தின்பாள். அவள் ஏறாத ராட்டினத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை! சேலத்துப் பூங்காவுக்கு இந்த முறையே பொருந்தும்.

புரளியை நம்பலாமா?

கடைசியாக ஒன்று. யூகம் பேச்சாக இருக்கும் வரை இன்பம். அது மனை வியாபாரமானால் ஆபத்து.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 1964, 1965-ம் ஆண்டுகளில் யாரோ நிலத்தை வாங்கிக் குவித்தார்கள். வாங்கியவை பெயர் தெரியாத கம்பெனிகள். மொத்தம் 27,000 ஏக்கருக்கு மேல்! "விமானக் கம்பெனி வருகிறது" என்றார்கள் சிலர். "மோட்டார்க் கம்பெனி" என்றார்கள் சிலர். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகையின் பெண் நிருபர் ஒருவர், "வாங்குவது டிஸ்னிதான்" என்று எழுதினார். அவர் யூகம் பலித்தது. அடுத்த மாதமே டிஸ்னி அதை ஒப்புக்கொண்டார். நில விலை மளமளவென்று ஏறியது. ஆனால் டிஸ்னிக்குக் கவலை இல்லை. தேவையான நிலத்தை அதற்குள் மலிவாக வாங்கி முடித்துவிட்டார்!

உண்மையாகவே வருகிற கம்பெனி, நிலம் கைக்கு வரும் வரை வாயைத் திறக்காது. திறந்தால் விலை ஏறும், நஷ்டம் அதற்குத்தான். ஆகவே, "இங்கே தீம் பார்க் வருகிறது, இன்றே மனை வாங்குங்கள்" என்று ஒருவர் கூவினால், சற்று நின்று யோசிக்க வேண்டும். இவ்வளவு பெரிய ரகசியம் அவர் ஒருவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

நிலம் வாங்கினாலும் உடனே பூங்கா எழும்பிவிடாது. வண்டர்லாவே சென்னையில் நிலத்தை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்தது. 10 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி தடையாக இருந்தது. அரசு 10 ஆண்டுகளுக்கு வரி விலக்கு அளித்த பிறகே வேலை சூடு பிடித்தது. எனவே கவனிக்க வேண்டியது அரசாங்க உத்தரவை. தரகரின் நோட்டீசை அல்ல.

அதுவரை யூகிப்பதை யாரும் நிறுத்த வேண்டாம். குடும்பத்தோடு உட்கார்ந்து யூகிக்கலாம். ஏற்காடு சாலையில் போகும்போது அந்த வளைவைக் காட்டி, அங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாளைக்குச் சேலத்தில் குகை கட்ட யாராவது வந்தால், அதற்குள் என்ன வைப்பது என்று சொல்ல ஊரில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா?