டப்பாவில் இருப்பது வயிற்றுக்குப் போகிறதா?

குறைமாதக் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தைப் பார்த்ததும் வீட்டில் ஒருவர் கேட்பார்: "டப்பாவிலேயே வைட்டமின் டி சேர்த்திருக்குன்னு போட்டிருக்கே, இது வேற எதுக்கு?" நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். கணக்குப் போட்டால்தான் ஓட்டை தெரியும்.

சாதாரண பவுடர் பாலைக் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 400 யூனிட் வைட்டமின் டி இருக்கும். 2 கிலோ குழந்தை ஒரு நாளில் எவ்வளவு குடிக்கும்? கிலோவுக்கு 160 மில்லி என்று வைத்தால் 320 மில்லி. கிடைப்பது 128 யூனிட்! அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2008-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் சொன்னது நாளுக்கு 400. ஐரோப்பிய வல்லுநர்கள் 2010-ல் குறைமாதக் குழந்தைகளுக்கு 800 முதல் 1000 வரை என்றார்கள். இந்த அளவில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 128 போதும் என்று இருவருமே சொல்லவில்லை.

இத்தனைக்கும், எலும்புக்கான கால்சியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குச் சேர்கின்றன. 30 வாரத்தில் பிறந்த குழந்தை அதை வாங்காமலேயே வந்துவிட்டது. எலும்பு மெலிவது வெளியே தெரியாது. சில சமயம் எக்ஸ்ரேயில் முறிந்த விலா எலும்பைப் பார்த்துத்தான் தெரியவரும்.

காலை இளவெயிலில் காட்டினால் போதாதா என்பார்கள் பாட்டிமார். வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் இளவெயிலில் மிகக் குறைவு. உச்சி வெயிலில் குறைமாதக் குழந்தையைக் காட்டவும் முடியாது.

அதற்காக, கூடக் கொடுத்தால் நல்லது என்று கிளம்பிவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கென்றே வரும் பவுடரில் வைட்டமின் டி கூடுதலாக இருக்கும். அப்போது கணக்கே வேறு. மருந்துக் கடையில் மில்லிக்கு 400 யூனிட் பாட்டிலும் உண்டு, 800 யூனிட் பாட்டிலும் உண்டு. பழைய பாட்டில் தீர்ந்து மற்றது கைக்கு வந்தால், அதே ஒரு மில்லி இரட்டிப்பாகிவிடும். சொட்டுக்குழாயில் அளவு மீறிப் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-லேயே எச்சரித்தது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் "வைட்டமின் டி டிராப்ஸ், தினம் ஒரு வேளை" என்று மட்டும் எழுதினால் எப்படி? எந்தப் பவுடர், மருந்து எத்தனை யூனிட், எத்தனை மில்லி என்று எண்ணில் எழுத ஒரு வரி போதும். எடை கூடி, குடிக்கும் பாலும் கூடியபின் அதே வரியை அடுத்த செக்கப்பில் திருத்த வேண்டும்.