விளம்பரமும் விளக்கமும்

வேலை தேடி ஊரை விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆண்டாப் ஹில்லிலும், தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் குடியேறிய நம் முன்னோர்க்கு வேலைச் செய்தி ஆள் வாயிலாக வந்தது. ஊர்க்காரர் ஒருவர் சொல்லுவார்: இன்ன இடத்தில் வேலை; இன்னது செய்ய வேண்டும்; நாட்கூலி இவ்வளவு; தங்க இடம் உண்டு, அல்லது இல்லை. நான்கு சொற்றொடர்களில் செய்தி முடிந்துவிடும். ஐயம் தோன்றினால் அங்கேயே கேட்டுத் தெளியலாம். சொன்னது பொய்யானால் சொன்னவர் ஊரார் முன் தலை நிமிர முடியாது.

இன்று அச்செய்தி கைப்பேசியில் வருகிறது. அனுப்பியவர் யார் என்று தெரிவதில்லை. சொற்களோ ஏராளம். 'டைனமிக்', 'எக்ஸிக்யூட்டிவ்', 'எல்.பி.ஏ.', 'சி.டி.சி.', 'இம்மீடியட் ஜாயினர்' என்று அடுக்கடுக்காக வருகின்றன. இவ்வளவையும் படித்து முடித்த பின்னரும், என்ன வேலை, எங்கே, கைக்கு எவ்வளவு வரும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. புதியவர்களே தேவை என்று தொடங்கி, மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று முடிக்கும் விந்தையும் உண்டு.

இது வெறும் மொழிநடைக் குறை என்று தள்ளிவிடத் தக்கதன்று. விளம்பரம் என்பது ஒரு வாக்கு. படிப்பவனுக்கு விளங்காத வாக்கு, வாக்கே ஆகாது. அதனால் எவ்வளவு கேடு விளையக்கூடும் என்பதற்கு நாடறிந்த இரு நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

முதலாவது, நாம் குமாஸ்தாவாகப் பணியாற்றும் ரயில்வேத் துறையைச் சார்ந்தது. 2019 பிப்ரவரியில் ரயில்வே தேர்வு வாரியங்கள் 35,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன. தலைப்பிலேயே 'என்.டி.பி.சி.' என்னும் நான்கெழுத்துகள் நின்றன. பொதுமக்கள் அவ்வெழுத்துகளை அனல்மின் நிலையங்களை நடத்தும் மத்திய அரசு நிறுவனத்தின் பெயராகவே அறிவர். ரயில்வேயிலோ அவற்றுக்குப் பொருள் வேறு: தொழில்நுட்பம் சாராத, பலரும் விரும்பும் பணிகள். எழுத்தர், டிக்கெட் கொடுப்பவர், சரக்கு வண்டி கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் முதலியோர் இதில் அடங்குவர். ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர்.

முதற்கட்டத் தேர்வு முடிந்த பின், பணியிடங்களைப் போல் 20 மடங்கினர் இரண்டாங் கட்டத்துக்கு அழைக்கப்படுவர் என்பது விதி. தேர்வு எழுதியோர் இதனை இருபது மடங்கு ஆட்கள் என்று பொருள் கொண்டனர். 2022 ஜனவரியில் முடிவு வெளிவந்தபோது 7 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பதிவெண்கள் பட்டியல்களில் இருந்தன. ஆனால் ஒவ்வோர் ஊதிய நிலைக்கும் தனித்தனியே பட்டியல் எடுத்தமையால், ஒருவரே இரண்டு மூன்று பட்டியல்களில் இடம்பெற்றிருந்தார். ஆட்களாக எண்ணிப் பார்த்தால் 4 இலட்சத்துக்கும் குறைவு! பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர் தண்டவாளத்தில் அமர்ந்தனர். கயாவில் ரயில் பெட்டிக்குத் தீ வைக்கப்பட்டது. ரயில்வே ஒரு குழுவை அமைத்தது. மார்ச்சு மாதம், ஒவ்வோர் ஊதிய நிலைக்கும் 20 மடங்கு வெவ்வேறு ஆட்கள் அழைக்கப்படுவர் என்றும், முன்னர்த் தேறியோர் நீக்கப்படமாட்டார் என்றும் முடிவு அறிவிக்கப்பட்டது.

அச்சினத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. வேலையின்மை அவற்றுள் தலையாயது. தீ வைப்பதை நாம் எவ்வாற்றானும் ஏற்கமாட்டோம். எனினும், எதனுடைய மடங்கு என்பதை விளக்கும் எடுத்துக்காட்டு ஒன்று தொடக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி நின்றிருக்குமாயின், அக்கலகத்தின் ஒரு வேர் அன்றே அறுந்திருக்கும். இங்கே ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. எழுதியவருக்குப் பழகிய சொல், படித்தவருக்கு வேறு பொருள் தந்தது, அவ்வளவே.

இரண்டாவது நிகழ்ச்சியோ ஏமாற்றுவதற்காகவே எழுதப்பட்ட விளம்பரங்களின் கதை. 2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' வேலை என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்து, கணினி பயின்ற நம் இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து வைத்து, இணைய மோசடி வேலைகளில் ஈடுபடுத்துகின்றனர் என்பதே அதன் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். கொடுமை அத்துடன் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் 549 பேரைத் தாய்லாந்து எல்லை வழியாக மீட்டு வந்தன.

அவ்வேலைப் பெயரைச் சற்று உற்று நோக்குங்கள். நான்கு பெரிய சொற்கள். அவற்றுள் ஒன்றேனும் காலையில் போய் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தப் பொருளை, யாருக்கு, எவ்வாறு விற்பது? தெரியாது. நேர்மையான கம்பெனிகளும் இதே மாதிரிப் பெயர்களைச் சூட்டிப் பழக்கிவிட்டமையால், பொய்ப் பெயரைக் கண்டு ஐயுறும் வழக்கமே நம்மிடையே அற்றுப் போயிற்று. புரியாத சொல்லை நேர்மையாளர் வழக்கமாக்கினால், அதன் பின்னே கயவர் மறைந்துகொள்ளுகின்றனர். தெளிவாக எழுதுதல் ஒரு பொதுக் கடமை என்று நாம் கூறுவது இதனாலேயே.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். 'ஆண்டுக்கு 3 இலட்சம் சி.டி.சி.' என்று விளம்பரம் கூறுகிறது. வீட்டில் அதனைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 25,000 ரூபாய் என்று மகிழ்கின்றனர். அக்கணக்கை நம்பி வீட்டு வாடகைக்கு முன்பணமும் கொடுத்துவிடுகின்றனர். சி.டி.சி. என்பது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கைக்கு வரும் சம்பளம் அன்று. எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு முதலாளி செலுத்தும் 12 விழுக்காடாகிய 1,800 ரூபாயும் அந்த 25,000க்குள் அடக்கம். தொழிலாளி தம் பங்காகச் செலுத்தும் மற்றோர் 1,800 ரூபாயும் கழியும். கிராஜுவிட்டிக்காக ஏறத்தாழ 720 ரூபாய் ஒதுக்கப்படும். அது பின்னொரு காலத்தில் வருவது. மகாராஷ்டிரத் தொழில் வரி 200 ரூபாயையும் கழித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 20,480 ரூபாயே. பி.எஃப். நம் சேமிப்புத்தான், அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் வாடகையும் மளிகைக் கடனும் கையில் வரும் பணத்தைக் கொண்டே தீர்க்கப்படுபவை. 'கைக்கு வருவது இவ்வளவு' என்று ஒரு வரி சேர்த்து எழுத எந்தக் கம்பெனிக்கும் செலவு ஏதும் இல்லை.

தகுதி பற்றியும் ஒரு சொல். கிடங்கில் சரக்கைக் கணினியில் பதியும் வேலைக்கு 'ஆங்கிலத்தில் சரளமான பேச்சுத் திறன்' எதற்கு? யாரோ எழுதிய பழைய விளம்பரத்தைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதியதால் வந்தது அது. ஆயினும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, தட்டச்சும் எக்செல்லும் கற்றுத் தேர்ந்த பெண் அவ்வரியைக் கண்டதும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறாள். முதலாளி நல்ல பணியாளை இழக்கிறார். அவள் வேலையை இழக்கிறாள். கட்டாயம் வேண்டுவது எது, இருந்தால் நலம் என்பது எது என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் இவ்விழப்பு நேராது.

நம் அன்பர்களுள் வேலை தேடுவோர் மட்டுமல்லர், வேலை கொடுப்போரும் பலர் உளர். அவர்களுக்காக ஒரு மாதிரியைக் கீழே தருகிறோம். 'டைனமிக் பேக் ஆபீஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. கவர்ச்சிகரமான ஊதியம்' என்பதற்கு மாற்றாக இவ்வாறு எழுதலாம்:

'வடாலாவிலுள்ள எங்கள் கிடங்கு அலுவலகத்தில் கணினியில் பில்களைப் பதிவு செய்ய ஒருவர் தேவை. நாள்தோறும் வரும் பில்களை எக்செல்லில் ஏற்றி, மாலையில் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது வேலை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், அனுபவம் வேண்டியதில்லை. இந்தி பேசத் தெரிந்தால் நலம். காலை 10 மணி முதல் மாலை 6.30 வரை; ஞாயிறு விடுமுறை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கைக்கு மாதம் 18,000 ரூபாய். அரைமணி நேரத் தட்டச்சுச் சோதனையும் ஒரு நேர்முகமும் உண்டு. கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.'

மகளை வேலைக்கு அனுப்பும் தாய், அவள் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்பதையே முதலில் எண்ணுவாள். மேற்கண்ட மாதிரியில் அதற்கும் விடை இருக்கிறது.

பண்டங்களைப் பற்றிய விவரக் குறிப்புக்கும் இவ்விதி பொருந்தும். தாராவியில் தோல் பைகள் செய்யும் நம்மவர் பலர் இப்போது இணையக் கடைகளின் வழியாக நாடெங்கும் விற்கின்றனர். அங்கே 'பிரீமியம் வீகன் லெதர்' என்று பல பைகளுக்கு எழுதியிருக்கக் காண்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை துணியின்மேல் பிளாஸ்டிக் பூசியவை. நாம் நெடுங்காலமாக ரெக்ஸின் என்று அழைத்து வந்த இனத்தைச் சேர்ந்தவை. ரெக்ஸின் பை விற்பது குற்றமன்று. விலை குறைவு, மழைக்கும் ஏற்றது. அதனை அவ்வாறே சொல்லி விற்கலாமே! மெய்யான தோலாயின் ஆட்டுத் தோலா, எருமைத் தோலா, உட்துணி என்ன, நீள அகலம் எவ்வளவு, கடைக்குப் போகாமல் வாங்குபவர் தொட்டுப் பார்த்து அறிந்திருக்கக்கூடியவை எவை என்று எண்ணி எழுத வேண்டும். அவர் விரல்களுக்கு மாற்றாக நிற்பது நம் சொல் ஒன்றே.

மின் கருவிகளில் எண்களே மயக்கும். '10,000 எம்.ஏ.ஹெச்.' பவர் பேங்க் என்றால், 5,000 உள்ள கைப்பேசியை இருமுறை நிரப்பலாம் என்று வாங்குபவர் கணக்கிடுவார். அவ்வெண் உள்ளிருக்கும் மின்கலத்தின் கொள்ளளவு. அதன் 3.7 வோல்ட் அழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், கைப்பேசிக்குள் ஏறும்போதும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். நடைமுறையில் இருமுறை நிரம்பாது. 'ஒரு முறை முழுதும் நிரப்பிச் சற்று மிஞ்சும்' என்று எழுதியவரே வாங்குபவருக்கு உண்மை சொன்னவர் ஆவார். குளிர்ப்பெட்டிமேல் ஒட்டப்படும் நட்சத்திரச் சீட்டு இதற்கு நல்ல முன்மாதிரி. ஆண்டுக்கு இத்தனை யூனிட் மின்சாரம் என்று அதில் அச்சிட்டிருக்கும். மின்கட்டணச் சீட்டைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது விளங்கும்.

கடனும் இன்று கைப்பேசியில் விற்கப்படும் ஒரு பண்டமே. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தனிநபர்க்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைத் தெரிவிக்கும் முக்கிய விவரச் சீட்டு ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தெளிவு என்பது கொடுப்பவர் காட்டும் தயவன்று, வாங்குபவரின் உரிமை என்பதை அரசும் ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதுவே சான்று.

தெளிவாக எழுதினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கடினமான சொல்லால் மதிப்பு வருமாயின், ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பையும் அந்நடையிலேயே சொல்ல வேண்டியிருக்கும். பயணிகள் அனைவரும் மேடையிலேயே நிற்பர்! வண்டி எண், செல்லும் ஊர், மேடை எண், நேரம் என்று சொல்லுவதால் ரயில்வேயின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

படிப்போர்க்கும் கடமை உண்டு. புரியாத சொல்லைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். என்ன வேலை, எந்த முகவரியில், கைக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், எவ்வாறு தேர்வு என்னும் ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு வேலையாயின், அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தாமா என்று பார்த்தறியுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று எவரேனும் சொன்னால் அங்கேயே கதவைச் சாத்திவிடலாம். நேர்மையானவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை தருவார். விடை தர மறுப்பவரிடம் பிள்ளையை அனுப்புதல் கூடாது.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும், பட்டறை நடத்துவோர்க்கும், கணினிக் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்பிலுள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விளம்பரம் எழுதியதும், அதனை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என்ன வேலை என்று அவர் திருப்பிச் சொல்லிவிட்டாரானால் வெளியிடுங்கள். அவர் புருவத்தை உயர்த்தினால், திருத்த வேண்டியது அவரையன்று, விளம்பரத்தையே.